பிள்ளையை யார் தூக்குவது?

என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு பூசைக்குப் போனேன். அந்தக் கோயிலில் பெஞ்சு கிடையாது, தரைதான். நடுவில் ஒரு நடைபாதை. வலது பக்கம் ஊர், இடது பக்கம் காலனி. யாரும் எழுதி ஒட்டவில்லை, கயிறு கட்டவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். என் மகளுக்குத்தான் தெரியவில்லை. சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்த நேரம், மடியிலிருந்து நழுவித் தவழ்ந்து நடைபாதையைத் தாண்டிப் போய்விட்டாள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாவின் முந்தானையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தாள்.

அந்த அம்மா திட்டவில்லை, தள்ளவும் இல்லை. முந்தானையை மெதுவாக உருவிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "யாரு புள்ளம்மா இது, வந்து தூக்கிட்டுப் போங்க" என்றார். பிடி நழுவிய பிள்ளை உட்கார்ந்து அழுதது. சுற்றிலும் பத்துப் பெண்கள், எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள். ஒரு கையும் நீளவில்லை. நான் எழுந்து போய்த் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இதில் என்னம்மா பெரிய கொடுமை என்று தோழர்கள் கேட்கலாம். கொலையும் தீவைப்பும் நடக்கிற நாட்டில் ஒரு குழந்தையைத் தூக்காதது ஒரு செய்தியா? செய்தி இல்லைதான். ஆனால் திருச்சபை தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்கிற எல்லாவற்றையும் அந்த இரண்டு நிமிடம் எனக்குக் கேள்வியாக்கிவிட்டது. ஏனென்றால் அந்தக் கோயிலில்தான் என் மகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கவேண்டும் என்று அம்மா அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குழந்தைகளைக் கோயிலில் வரவேற்பது என்றால் நம் பங்குகளில் வேறு ஒரு பேச்சு நடக்கும். அழுகிற பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போகவேண்டுமா, வேண்டாமா? சத்தத்தால் பக்தி கெடுகிறதா? பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியதும், அதற்காக இயேசு சீடர்கள்மேல் கோபப்பட்டதும் மாற்கு 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கதையை வைத்துப் பிரசங்கம் செய்யாத சாமியார் கிடையாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர் பிள்ளைகளை அணைத்து, அவர்கள்மேல் கையை வைத்து ஆசீர்வதித்தார் என்றும் இருக்கிறது. அணைக்காமல் வரவேற்பு இல்லை. தொடாமல் ஆசீர்வாதம் இல்லை. நம் ஊரில் இந்தத் தொடுகிற இடத்தில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது.

இது நேற்று வந்த சிக்கல் இல்லை. ரோமிலிருந்து தூதராக வந்த தூர்நோன் 1704இல் புதுச்சேரியில் ஒரு ஆணை போட்டார். ஞானஸ்நானச் சடங்கில் குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்கவேண்டும் என்பது அன்றைய ரோமை முறை. இங்கே இருந்த மிஷனரிகள் அதை விட்டுவிட்டார்கள். எச்சில் தீட்டு, மேல்சாதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது காரணம். எச்சிலை விடக்கூடாது என்றார் தூர்நோன். அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது. சாகக்கிடக்கிற பறையர்களின் குடிசைக்குள் போய் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவேண்டும் என்றார். அதுவரை போகவில்லை என்பதால்தானே அப்படிச் சொல்லவேண்டியிருந்தது? 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் இந்தத் தகராறை முடித்துவைத்தார். எப்படி? பறையர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்கிற ஏற்பாட்டை ஒப்புக்கொண்டு. பிறக்கும்போது தொடுவதும் சாகும்போது தொடுவதும் முந்நூறு வருஷத்துக்கு முன்பே பேரம் பேசப்பட்ட சங்கதி. என் மகள் பிடித்த முந்தானை அந்தப் பேரத்தின் நுனிதான்.

நானும் அந்தக் கோயிலில் வளர்ந்தவள்தான். புதுநன்மை வாங்கிய அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவத்தி. இரண்டிரண்டு பேராக நடக்கவேண்டும். காலனிப் பிள்ளைகள் ஏழு பேர். ஆறு பேருக்கு ஜோடி அமைந்தது, நான் ஒத்தையாக நின்றேன். ஊர்ப் பிள்ளைகளிலும் ஒருத்தி ஒத்தை. கன்னியாஸ்திரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு உபதேசியாரைப் பார்த்தார். கடைசியில் அவள் வரிசைக்கு முன்னால் தனியாகப் போனாள். நான் வரிசைக்குக் கடைசியில் தனியாக வந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. போட்டோவில் தனியாக இருக்கிறோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. விஷயம் புரிய எம்.ஏ. வரைக்கும் படிக்கவேண்டியிருந்தது.

திருச்சபைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. அது ஞானப்பெற்றோரைப் பற்றியது. ரத்தத்தாலும் வராமல் கல்யாணத்தாலும் வராமல் ஒரு உறவை உண்டாக்க முடியும் என்று சொல்கிற இடம் அது. 1917ஆம் வருஷச் சட்டத்தின்படி ஞானத்தகப்பனுக்கும் ஞானமகளுக்கும் கல்யாணம் ஆகாது. அந்த அளவுக்கு அது நிஜமான உறவு என்று கணக்கு. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்தத் தடை போய்விட்டது, ஞானப்பெற்றோர் போகவில்லை. பதினாறு வயது நிறைந்த, விசுவாசத்தில் உறுதிபெற்ற, ஒழுங்காக வாழ்கிற கத்தோலிக்கர் யாரும் நிற்கலாம். எந்தத் தெருவில் குடியிருக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். "ஊர்க்காரங்க யாராவது நம்ம புள்ளைக்கு ஞானத்தாயா நின்னிருக்காங்களாம்மா?"

"நீ வேற. நாம அவுங்க வூட்டுப் புள்ளைக்கு நின்னிருக்கமா? அது எப்புடிடி நடக்கும்?"

அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது. அவர் நினைவில் அப்படி ஒரு திருமுழுக்குக்கூட இல்லை. மக்கள் தொகை கூடியிருக்கிறது, கோயிலுக்கு டைல்ஸ் போட்டாயிற்று, மைக்செட் மாறியிருக்கிறது. ஒரு பிள்ளையை நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து ஒருவர் தூக்கியதில்லை. சாதி ஒழிய ரத்தக்கலப்பு வேண்டும், சமபந்தி போதாது என்று 1936இலேயே எழுதினார் அண்ணல் அம்பேத்கர். ரத்தக்கலப்பைக் கேட்டால் வெட்டரிவாள் வருகிறது. ரத்தமே வேண்டாம், தண்ணீரால் உறவாகலாம் என்று ஒரு மதமே சொல்கிறது. அதற்கும் ஆள் இல்லை.

அந்தத் தண்ணீருக்கு நாம் கொடுக்கிற விலையையும் பேசவேண்டும். 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி என்பது இந்துவுக்கு மட்டும். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவர் இன்னும் வெளியில். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஆனால் 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது என்று சொன்னது. நீதிமன்றத்தின் முன் இருந்த சான்றுகளில் ஒன்று, அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் பதிவு. கழுத்து நிற்காத வயதில் தலையில் ஊற்றிய தண்ணீர், முப்பது வருஷம் கழித்து அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது. கோயிலில் காலனிப் பிள்ளை, தாலுகா ஆபீசில் கிறித்தவப் பிள்ளை. இரண்டு இடத்திலும் இழப்பு நமக்கு.

என் வீட்டுக்காரர் இந்து ஆதிதிராவிடர், இயக்கத் தோழர். அவர் சொல்வது நேராக இருக்கிறது: "தானே முடிவு பண்ணத் தெரியாத பிள்ளைய, மதிக்காத இடத்துல ஏன் சேர்க்கணும்? சான்றிதழும் போகும், மானமும் போகும்." அம்மா சொல்வதும் நேராகத்தான் இருக்கிறது: "உங்க தாத்தா கல்லு சுமந்து கட்டுன கோயிலு. அவுங்க தூக்கலன்னா நாம வுட்டுட்டு வந்துடறதா?"

இரண்டு பேச்சுக்கும் நடுவில் நான் ஒன்றைக் கவனிக்கிறேன். இரண்டிலும் முடிவு எடுக்கவேண்டியது நாம்தான் என்று ஆகிவிடுகிறது. சேர்ப்பதா, விடுவதா என்று தாய்தான் ராத்திரி தூங்காமல் கிடக்கவேண்டும். முந்தானையை உருவிக்கொண்ட அம்மா நிம்மதியாகத் தூங்குவார். திருமுழுக்கு என்பது குழந்தைக்குச் செய்கிற சடங்கு மட்டும் இல்லை, கூடியிருக்கிற சபை கொடுக்கிற வாக்கும்தானே? குழந்தை இந்த விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பெற்றோர் தகுதியானவர்களா என்று சாமியார் விசாரிக்கிறார். சபை தகுதியானதா என்று யார் விசாரிப்பது?

அதனால் நான் சாமியாரிடம் போனேன். "சாமி, என் புள்ளைக்குத் திருமுழுக்கு வேணும். ஞானத்தாய் ஊர்ப்பக்கம் இருந்து ஒருத்தர் நிக்கணும். நீங்க கோயில்ல அறிவிப்புக் குடுத்துக் கேளுங்க" என்றேன்.

அவர் நல்லவர்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. "கேக்குறது ஞாயந்தாம்மா. ஆனா நடைமுறையில கஷ்டம். சண்டையா ஆயிடும்" என்றார்.

"தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கைன்னு ஆயர் பேரவை 2016லயே வெளியிட்டுச்சே, சாமி?"

"அது இருக்குதும்மா" என்றார்.

தோழர்களே, தனிக் கல்லறையையும் தனித் தேரையும் எதிர்த்து நாம் போராடியிருக்கிறோம். அவை செத்தவர்களுக்கும் திருவிழாவுக்கும் உரிய சண்டைகள். விட்டுவிடக் கூடாதவை. ஆனால் பிரிவினை தொடங்குகிற இடம் கல்லறை இல்லை, தொட்டில். ஒவ்வொரு பங்கிலும் நம் பிள்ளைகளின் திருமுழுக்குக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை ஞானப்பெற்றோராகக் கேட்போம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிற்க நாங்கள் தயார் என்றும் சொல்வோம். முடியாது என்றால் அதைப் பீடத்துக்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி சொல்லட்டும்.

சாமியார் இன்னும் அறிவிப்புக் கொடுக்கவில்லை. என் மகளுக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பூசைக்குக் கொண்டுபோய்த் தரையில் விடுகிறேன். இப்போது நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பக்கம்தான் போகிறாள். நான் எழுந்து போய்த் தூக்குவதில்லை.