சமன்செய்யும் துவக்கு

1968 பெப்ரவரியில் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ விண்வெளித் தொடரின் ‘எ பிரைவேட் லிட்டில் வார்’ என்னும் பகுதி இன்றும் சர்ச்சைக்குரியது. பகைவரான கிளிங்கொன்கள் ஊர்வாசிகளுக்குத் துவக்கு வழங்க, கப்பல் தலைவன் கேர்க் மலைவாசிகளுக்கும் அதே துவக்கை வழங்கத் துணிகிறான். வைத்தியர் மெக்கோய் கடிந்துரைக்கிறார். வியட்நாம் போருக்கு நியாயம் கற்பித்த கதை என்பர் சிலர்.

1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதை அறிந்த நாம் கேர்க்கை எளிதில் இகழ முடியாது. வெறுங்கையோடு மாளும்படி பிறரிடம் கூறும் உரிமை எவர்க்குண்டு? ஆயினும், முஸ்லிம் ஊர்காவற்படையினருக்குக் காவலுக்கென வழங்கப்பட்ட துவக்குகள் அயல் தமிழூர்களில் வெடித்தமையும் வரலாறே.

கொல்ல மறுத்து நின்ற மலைவாசி டைறீ, மனைவி கொல்லப்பட்டதும் இன்னும் துவக்கு வேண்டுமென்கிறான். அதைக் கேட்ட பின்னர்தான், நூறு துவக்குகள் செய்ய எவ்வளவு நேரமாகும் எனக் கேர்க் கப்பலை வினவுகிறான்.