குழியின் அளவு

கேரம் போர்டின் நான்கு மூலைகளிலும் இருப்பதை பாக்கெட் என்கிறோம், குழி என்கிறோம், சும்மா ஓட்டை என்றும் சொல்கிறோம். பெயர் எதுவானாலும் அதற்கு ஒரு அளவு உண்டு. விட்டம் 4.45 சென்டிமீட்டர். சர்வதேச கேரம் கூட்டமைப்பின் விதி அது. 1988-ல் அந்தக் கூட்டமைப்பு தொடங்கப்பட்டதே நம்ம சென்னையில்தான். ஆடுகளம் ஏறக்குறைய 74 செ.மீ. சதுரம். காய் அதிகபட்சம் 3.18 செ.மீ., ஸ்டிரைக்கர் அதிகபட்சம் 4.13 செ.மீ. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் திருவொற்றியூரிலும், மன்றத்து பல்பு வெளிச்சத்தில் ராத்திரி வரை நடக்கிற பந்தயமும் சண்டையும் சமாதானமும் இந்த நான்கு எண்களை நம்பித்தான் நடக்கின்றன.

வீட்டுக்கு ஒரு போர்டு வாங்கப் போகிறவர் இந்த எண்களை நினைப்பதில்லை. "பசங்க ஆடத்தான், கொஞ்சம் பெரிய ஓட்டையா இருந்தா நல்லாருக்கும்" என்பார். இதே பகுதியில் புதிதாக எழும் அடுக்குமாடிகளில் கிளப் ஹவுஸுக்கோ சொந்த ஹாலுக்கோ பூல் மேசை வாங்குகிறவர்களுக்கும் இதே கேள்விதான் வருகிறது. போட்டி மேசையில் மூலை பாக்கெட்டின் வாய் 4.5 அங்குலத்திலிருந்து 4.625 அங்குலம் வரை. பந்து 2.25 அங்குலம். அதாவது வாயில் ஏறக்குறைய இரண்டு பந்து அகலத்துக்குத்தான் இடம். வீட்டுக்கு என்று வாங்கினால் 5 அங்குலமும் கிடைக்கும். எதை எடுப்பது?

கடைக்காரர் இதை வசதி சம்பந்தப்பட்ட கேள்வியாகப் பார்க்கிறார். எனக்கு இது அறம் சம்பந்தப்பட்ட கேள்வியாகவும் படுகிறது. நமக்குப் பிரியமானவர்களுக்கு வாழ்க்கையை எவ்வளவு சுலபமாக்கித் தரலாம்? எந்த இடத்தில் அந்தச் சுலபம் அவர்களுக்கு எதிராகவே திரும்பும்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், பொறியியல் படித்தவனின் பழக்கம் விடாது. 4.45 செ.மீ. குழியில் 3.18 செ.மீ. காய் விழும்போது மிச்சமிருக்கும் இடைவெளி 1.27 செ.மீ. குழியை 5 செ.மீ. ஆக்கினால் இடைவெளி 1.82. குழி பெரிதானது 12 சதவீதம்தான், ஆனால் பிழைக்கான இடம் 43 சதவீதம் கூடிவிட்டது. பூல் மேசையிலும் இதே கதை. 4.5 அங்குலத்தை 5 ஆக்கினால் வாய் 11 சதவீதம் அகலும், பந்துக்குக் கிடைக்கும் இடைவெளி 22 சதவீதம் கூடும். "அரை அங்குலம்தானே சார்" என்று சொல்லும்போது இது கண்ணுக்குத் தெரியாது.

கேரமில் இன்னொரு விஷயம் உண்டு. 4.13 செ.மீ. ஸ்டிரைக்கருக்கு 4.45 குழியில் இருக்கும் இடைவெளி வெறும் 0.32. குழி 5 ஆனால் அது 0.87, அதாவது இரண்டரை மடங்குக்கும் மேல். ஸ்டிரைக்கர் விழுந்தால் அபராதமாக ஒரு காயைத் திரும்ப வெளியே வைக்கவேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஆக, நம் காய்க்குத் தாராளமாகும் குழி நம் தப்புக்கு அதைவிடத் தாராளமாகிவிடுகிறது. மறுபக்கம், குழந்தைகளுக்கான சில சின்னப் போர்டுகளில் ஸ்டிரைக்கர் உள்ளே போகவே முடியாது. அங்கே அபராதம் என்ற விதிக்கே வேலையில்லை. எது ஜெயிப்பு என்பதோடு எது தப்பு என்பதையும் சேர்த்தே குழியின் அளவு தீர்மானிக்கிறது.

*

பெரிய குழிக்கு ஆதரவான வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கனடாவில் தத்துவம் கற்பித்த பெர்னார்ட் சூட்ஸ், 1978-ல் வெளியான 'தி கிராஸ்ஹாப்பர்' நூலில் விளையாட்டு என்றால் என்ன என்று வரையறுக்கிறார். அவர் சொல்வதன் சாரம், தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது. காயைக் குழிக்குள் போடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாமே. ஸ்டிரைக்கர் எதற்கு, பவுடர் எதற்கு? நாம் கடையில் காசு கொடுத்து வாங்கி வருவது அந்தக் கஷ்டத்தைத்தான். ஆனால் எவ்வளவு கஷ்டம் என்று சூட்ஸின் வரையறை சொல்லாது.

எவ்வளவு என்பது ஆடும் கையைப் பொறுத்தது. கைதேர்ந்த இரண்டு பேர் பெரிய குழியில் ஆடினால், முதலில் அடிப்பவர் ஒரே மூச்சில் ஒன்பது காயையும் போட்டு எழுந்துவிடுவார். எதிரில் இருப்பவர் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். புதிதாகக் கற்கும் இரண்டு பேர் இறுக்கமான குழியில் ஆடினால், ஒரு போர்டு முடிய அரைமணி நேரம் ஆகும், பாதியில் டிவி பக்கம் போய்விடுவார்கள். பூல் மேசையில் இறுக்கம் கூடக்கூட ஆட்டத்தின் குணமே மாறும். துணிந்து அடிப்பதை விட்டு, எதிராளிக்கு வழி விடாமல் பந்தை ஒளித்துவைப்பதில் ஆட்டம் போய்விடும். பெரிய குழியில் ஃபுளூக்கும் அதிகம். அதனால் பலவீனமானவர் எப்போதாவது ஜெயிப்பார். வீட்டில் தினமும் அப்பாவே ஜெயித்துக்கொண்டிருந்தால் அந்தப் போர்டு சீக்கிரமே பரண் மேல் ஏறிவிடும்.

என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980-ல் ஒரு விதியை முன்வைத்தார். நீ அனுப்புவதில் கறாராக இரு, பிறர் அனுப்புவதை ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் பொருள். பிரவுசர்கள் இதைப் பின்பற்றின. மூடாத டேக், உடைந்த வரி எதுவானாலும் எப்படியோ ஒப்பேற்றிப் பக்கத்தைக் காட்டின. அதனால்தான் கணினி படிக்காதவர்களும் பக்கம் செய்தார்கள், வலை இவ்வளவு பரவியது. ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் பக்கத்தையே காட்டமாட்டேன் என்று கறாராக வந்த வடிவங்கள் பொதுமக்களிடம் எடுபடவில்லை. தாராளம் பல பேரை உள்ளே விட்டது. கூடவே இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு பிரவுசரும் தப்பை ஒவ்வொரு மாதிரி மன்னித்தது. அந்த வேறுபாடுகளைச் சமாளிக்க எங்கள் தலைமுறைப் பொறியாளர்கள் செலவிட்ட இரவுகளுக்குக் கணக்கே இல்லை. எழுதியவருக்குத் தான் தப்பாக எழுதுகிறோம் என்பதே தெரியாமல் போனது.

இறுக்கமான குழிக்கும் ஒரு நோய் உண்டு. தன் கைக்கு மீறிய மேசையை வாங்கி, "நம்மகிட்ட இருக்கறது புரொஃபஷனல் சைஸ்" என்று விருந்தாளியிடம் காட்டுகிற நோய். எங்கள் துறையின் நேர்முகத் தேர்வுகளிலும் இதைப் பார்க்கலாம். வேலைக்குத் தேவையே இல்லாத புதிரைக் கேட்டு, அதைத் தரம் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆட்டத்துக்கு வேண்டிய கஷ்டத்தைத் தாண்டி மிஞ்சுவது வெறும் அலட்டல்.

*

இதுவரைக்கும் தராசு சமமாகத்தான் நிற்கிறது. அதைச் சாய்ப்பது வடசென்னைதான்.

இந்த ஊருக்குக் கேரம் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. வெற்றிமாறனின் 'வடசென்னை' படம் 2018-ல் அதை ஊருக்கெல்லாம் சொன்னது, இங்கே இருப்பவர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகச் சாம்பியன் ஆனார். புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். மத்திய அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் கேரம் அணிகள் வைத்திருக்கின்றன. இந்தப் பக்கத்து ஒரு பையனுக்கோ பொண்ணுக்கோ அந்த 4.45 சென்டிமீட்டர் சம்பளத்துக்குப் போகும் வழியாகவும் ஆகலாம்.

டென்னிஸுக்குக் கோர்ட் வேண்டும், நீச்சலுக்குக் குளம் வேண்டும், இரண்டுக்கும் கட்டணம் கட்டவேண்டும். கேரமுக்கு ஒரு போர்டு, ஒரு டப்பா பவுடர், தலைக்கு மேலே ஒரு பல்பு போதும். புதுவண்ணாரப்பேட்டையில் இருக்கும் குழியும் அமெரிக்காவில் இருக்கும் குழியும் ஒரே அளவு என்பதுதான் அந்தப் பெண்ணின் பலம். பாஸ்போர்ட் வாங்கி, விமானம் ஏறி, தெரியாத மொழி பேசும் ஊரில் இறங்கினாலும் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அது அவருக்குத் தெரிந்த இடம். பயிற்சி தந்தவர்கள், "பாவம், சின்னப் பசங்கோ" என்று இரக்கப்பட்டு மன்றத்துப் போர்டின் குழியைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தால்? அந்த இரக்கத்துக்கான விலை முதல் மாவட்டப் போட்டியில் தெரிந்திருக்கும். அதைக் கட்டுவது இரக்கப்பட்டவர் இல்லை, குழந்தைதான்.

பொது அளவுகோல் வலியவர்களின் ஆயுதம் என்று சொல்வதுண்டு. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் சிபாரிசும் பணமும் பேச்சுத் திறமையும் இல்லாதவருக்கு, யாராலும் மாற்றமுடியாத ஒரு அளவு பெரிய பாதுகாப்பு. காய் விழுந்தால் விழுந்ததுதான். அப்பா யார் என்று குழி கேட்பதில்லை.

*

அளவைத் தளர்த்துவதில் வேறொரு வகையும் உண்டு. அதற்கும் இந்தப் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய வரம்புகளை அறிவித்தது. 2004-லிருந்து 2016 வரை நிறுவப்பட்ட நிலையங்கள் வெளியிடும் புகையில், ஒரு கனமீட்டருக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் 300 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. இரண்டு வருடத்தில் இதை எட்டவேண்டும். எண்ணூர் பக்கத்து வல்லூர் அனல்மின் நிலையமும், வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டாம் கட்டமும் அந்தக் காலகட்டத்தில் வந்தவை. 2020 அக்டோபரில் அந்த 300 என்பது 450 ஆனது. குறைந்த சுமையில் ஓடும்போது 300-க்குள் நிற்கமுடியவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.

பொறியாளனாக அந்தக் காரணத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். எட்டவே முடியாத வரம்பு யாருக்கும் பயன்படாது. ஆனால் கேரம் போர்டோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. போர்டில் குழியைப் பெரிதாக்கினால் அது இரண்டு பக்கத்துக்கும் பெரிதாகிறது, ஆட்டம் தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரிகிறது, நஷ்டமும் போர்டைச் சுற்றி உட்கார்ந்தவர்களோடு முடிகிறது. இங்கே காய் விழவில்லை என்று பார்த்த பிறகு குழி அகன்றது. லாபம் புகைபோக்கி வைத்திருப்பவருக்கு. மிச்சப் புகையைச் சுவாசிக்கிற அத்திப்பட்டுக்காரரும் எண்ணூர் குப்பத்து மீனவரும் அந்த ஆட்டத்தில் உட்காரவே இல்லை. அவர்கள் நுரையீரலின் அளவு 2020-ல் மாறவும் இல்லை.

ஆகவே குழி பெரிதா சின்னதா என்று கேட்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. ஆட்டத்துக்கு முன்பே அந்த அளவு எல்லோருக்கும் தெரியுமா? எல்லோருக்கும் ஒன்றா? தளர்வின் விலையைக் கொடுப்பவர் அதற்குச் சம்மதித்தவரா? மூன்றுக்கும் ஆம் என்றால் ஐந்து சென்டிமீட்டர் குழி வைத்து ஆடுவதில் எந்தத் தப்பும் இல்லை. பொம்மைப் போர்டைப் பொம்மை என்று தெரிந்தே ஆடலாம்.

*

சரி, வீட்டுக்கு எதை வாங்குவது?

4.45-ஐ வாங்குங்கள் என்பேன். சுலபமாக்க வேண்டியதைக் குழிக்கு வெளியே செய்யலாம். 'கோ' ஆட்டத்தில் இப்படி ஒரு மரபு உண்டு. பலவீனமானவர் இரண்டிலிருந்து ஒன்பது கல் வரை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொண்டு தொடங்குவார். பலகை அதேதான், விதியும் அதேதான். சலுகை எவ்வளவு என்பது எல்லோரும் பார்க்கும்படி எண்ணிக்கையாக நிற்கிறது. நம்ம தெருவிலும் "பத்து பாயின்ட் வுட்டு ஆடறேன், வா" என்று கூப்பிடுவது இதேதான். விரல் நடுங்கும் பாட்டிக்கு ஒரு தடவைக்கு இரண்டு அடி தரலாம். சின்னவனுக்குப் பத்து பாயின்ட் விடலாம். பெரியவனுக்கு ஐந்து.

சலுகை வெளியே இருந்தால் அது குறைவதும் கண்ணில் படும். பெரிய குழியில் வளரும் பிள்ளைக்குத் தன் கை தேறியதா, குழிதான் தாராளமா என்று கடைசி வரை தெரியாது. பாயின்ட் வாங்கி ஆடும் பிள்ளைக்கு அந்தப் பத்து எட்டாவது தெரியும், எட்டு ஐந்தாவது தெரியும். ஒருநாள் அதுவே ஸ்டிரைக்கரை நம் பக்கம் தள்ளிவிட்டுச் சொல்லும், "பாயின்ட்லாம் வேணாம்பா, நேரா ஆடலாம்."