சிசுவின் சரணாகதியும் பெற்றோர் கடமையும்

உத்ஸவ காலங்களில் சேவார்த்திகள் பலர் மூன்று நான்கு மாதத்துச் சிசுக்களை ஏந்திவந்து, ஸந்நிதி வாசற்படியில் கிடத்தி, "இனி இவன் உம்முடையவன்" என்று எம்பெருமானிடம் ஒப்படைப்பதை அடியேன் முப்பதாண்டுகளாகக் கண்டு வருகிறேன். அப்படி ஒப்படைத்தபின் பெற்றோருக்குச் செய்யத்தக்கது ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா? இக்கேள்வி அடியேன் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையால் எழுந்தது. பிழை அடியேனுடையதே ஆகையால் அதனை மறைக்காமல் விண்ணப்பிக்கிறேன்.

சரணாகதிக்கு வேண்டிய அதிகாரம் ஆகிஞ்சந்யமும் அநந்யகதித்வமும் என்பர் பெரியோர். கைம்முதல் ஏதுமின்மை, வேறு புகலின்மை என்பது பொருள். சாஸ்திரம் ஒன்றும் வாசியாமலே இவ்விரண்டையும் பூர்ணமாய்ப் பெற்றிருப்பது பிறந்த சிசு. தலையைத் தானே தாங்க அதற்கு வலிவில்லை. கண் தெளிவாய்க் காண்பது ஒரு சாண் தொலைவு, மிஞ்சினால் சற்றே கூடுதல். அப்பால் உள்ளதெல்லாம் மங்கலே. ஆனால் பால் அருந்துங்கால் தாயின் முகம் இருப்பதும் அந்த ஒரு சாண் தொலைவிலன்றோ! செவியோ கண்ணுக்கு மூத்தது. கர்ப்பத்தில் ஆறு, ஏழு மாதங்களிலேயே ஒலியை வாங்கத் தொடங்குகிறது. ஆகையால் பிறந்த சில நாட்களிலேயே தாயின் குரலைப் பிறர் குரலினின்றும் பிரித்தறிகிறது. ஒன்றரை, இரண்டு மாதங்களில் முகம் நோக்கிச் சிரிக்கிறது. நான்காம் மாதத்தில் கழுத்து நிற்கிறது. மநு ஸ்ம்ருதி நான்காம் மாதத்தில் நிஷ்க்ரமணத்தையும் ஆறாம் மாதத்தில் அன்னப்ராசனத்தையும் விதித்திருப்பது, சிசுவை உற்று நோக்கியவர்கள் வகுத்த கணக்கென்றே அடியேனுக்குத் தோன்றுகிறது. ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்று இன்றைய வைத்தியர்களும் கூறுகின்றனர். பெரியாழ்வார் கண்ணனைச் செங்கீரை ஆடச் சொல்வதும் தலை நிமிர்ந்த பருவத்திலேயே.

அடியேனுடைய பெண் வயிற்றுப் பேரனை நான்காம் மாதத்தில் முதன்முதலாகக் கோயிலுக்கு எழுந்தருளப் பண்ணினோம். அன்று புறப்பாடு. கண்டாமணி அடித்தது, தவிலும் நாகஸ்வரமும் ஒருசேர முழங்கின. அருகிலிருந்த சிசுக்கள் திடுக்கிட்டுக் கைகளை விரித்து அலறின. நம் பேரனோ கண் மூடியபடியே உறங்கினான். அடியேன் பூரித்துப் போனேன்.

கருவிலிருந்து வெளிப்படும் சிசுவைச் சடம் என்னும் வாயு தீண்டி ஞானத்தை மறைக்கும் என்பதும், அவ்வாயுவைக் கோபித்து விலக்கியமையால் திருக்குருகூர் ஆழ்வாருக்குச் சடகோபர் என்று திருநாமம் வந்ததும், அழாமலும் பால் உண்ணாமலும் இருந்து அவர் புளியமரத்தடியில் யோகத்தில் எழுந்தருளியதும் சேவார்த்திகள் அறிந்தவை. தங்கள் சிரஸில் சாதிக்கப்படும் ஸ்ரீசடகோபமும் அவர் திருநாமமே. அந்த நினைவில், கூடியிருந்தோர் செவிபட, "இவன் ஆழ்வாரைப்போல் யோகத்தில் இருக்கிறான்" என்று அடியேன் சொல்லிவிட்டேன்.

பெண் மட்டும் தனியே வந்து, "அப்பா, கதவு அறைந்து சாத்தினாலும் இவன் திரும்புவதில்லை. எனக்கு பயமாக இருக்கிறது" என்றாள். "பெருமாள் பார்த்துக்கொள்வார் அம்மா, கவலைப்படாதே" என்றேன். குழந்தை சிரித்தான், அழுதான், 'ங்கா' என்று மிழற்றினான். ஆகையால் ஐயத்துக்கு இடமில்லை என்று எண்ணினேன். செவி கேளாத சிசுவும் முதல் மாதங்களில் அவ்விதமே மிழற்றும் என்பதை அடியேன் அறியேன். ஆண்டு நிறைவு கடந்தபின் பரிசோதித்ததில், இரு செவிகளிலும் குறை பிறவியிலேயே இருந்தது தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் சோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவி பொருத்தியிருந்தால் பேச்சு தடையின்றி வளர இடமுண்டு என்றார் வைத்தியர். அவர் கடிந்து பேசவில்லை. என் பெண்ணும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே தாங்க முடியாததாயிற்று.

எம்பெருமான் ஜீவனைக் காக்கும் வகைக்குக் குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் உவமை சொல்வதுண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாய் வாயால் கவ்விச் செல்லும். இரு கலையாருக்கும் இடையே உள்ள அந்த வழக்கை உத்ஸவ மலரில் எழுப்ப அடியேன் வரவில்லை. ஆயினும் ஒன்று கேட்கலாம். குட்டி சும்மா கிடக்கிறது, சரி. தாய்ப்பூனையும் சும்மா கிடந்தால் குட்டியின் கதி என்ன? பகவானுக்கு முன்னால் அடியேன் குட்டி என்பது மெய்யே. பேரனுக்கு முன்னால் அடியேன் தாய்ப்பூனையின் ஸ்தானத்தில் அன்றோ இருந்தேன்! அங்கும் குட்டியைப்போல் கிடந்துவிட்டு, அதற்கு விச்வாசம் என்று பெயரிட்டேன். சிசுவின் செயலின்மை அதற்குப் பூஷணம். அதையே பெரியவன் எடுத்துப் பூண்டால், அது சரணாகதி ஆகாது. சோம்பலோ அச்சமோ ஆகும். அடியேனிடம் இருந்தது அச்சமே என்று பிற்பாடு விளங்கிற்று. குறை என்று ஒன்று தெரியவந்துவிடுமே என்னும் பயத்தை யோகம் என்னும் சொல்லால் போர்த்தினேன்.

"பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்ற வாக்கு பொய்யோ என்றும் சில இரவுகள் கலங்கியதுண்டு. எண்ணிப் பார்க்கையில், அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தாயின் பயமாக அடியேனிடம் வந்து சொல்லியும் இருக்கிறார். செவி கேளாதிருந்தது எவனுக்கு?

இப்போதெல்லாம் சிசுவைக் கிடத்தும் பெற்றோரிடம் சடகோபம் சாதித்தபின், "மணியோசைக்குத் திரும்புகிறானா? முகம் பார்த்துச் சிரிக்கிறானா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. சிலர் முகம் சுளிக்கின்றனர்; அர்ச்சகருக்கு இது எதற்கு என்பது அவர்கள் எண்ணம். நாள் முன்னதாகப் பிறந்த சிசுவானால், பிறக்கவேண்டிய நாளிலிருந்தே மாதங்களை எண்ண வேண்டும் என்றும் சொல்லி வைக்கிறேன். அண்டைவீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வீணே அழும் தாய்மார் பலர்.

பேரனுக்கு இப்போது ஐந்து வயது. செவிக்கருவியோடு பேச்சுப் பயிற்சிக்குப் போய்வருகிறான். சொற்கள் மெதுவாகவே வருகின்றன. இவ்வாண்டு த்வஜாரோஹணத்தன்று தவில் முழங்கியபோது இரு கைகளாலும் செவிகளைப் பொத்திக்கொண்டு, "தாத்தா, சத்தம்!" என்று அடியேனிடம் புகார் செய்தான்.