வெறுங்காணியும் அறியும் கடமையும்

நகரொன்றில் பாடசாலை அமைக்க இடந்தேடுவோர் முதலில் நோக்குவது ஆளில்லாத காணியையே. குடியிருப்போரை எழுப்ப வேண்டியதில்லை, விலையும் குறைவு. ஆயின், நகரின் நடுவே ஒரு காணி வெறுமையாகக் கிடக்கின்றதெனின் அதற்கொரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை ஆராயாது அதன்மேற் கட்டுதல் வெறும் நிருவாகக் கவனக்குறைவா, அன்றி ஒழுக்கக் குற்றமா? சுற்றாடல் மதிப்பீடு என இன்று வழங்கும் நடைமுறை பொறியியலாளர்க்குரிய விடயமாகவே பெரிதும் கருதப்படுகின்றது. அதன் அடியிற் கிடக்கும் அறவியற் பிரச்சினையை ஐக்கிய அமெரிக்காவின் லவ் கால்வாய் வரலாறு துலக்கமாகக் காட்டும்.

நியூயோர்க் மாநிலத்து நயாகரா போல்ஸ் நகரில், 1890களில் வில்லியம் லவ் என்பார் நீர்மின் உற்பத்தியை நாடிக் கால்வாயொன்றை வெட்டத் தொடங்கி, அது முற்றுப்பெறாமலே கைவிடப்பட்டது. எஞ்சிய பள்ளத்தில் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் இரசாயனக் கம்பனி ஏறத்தாழ 21,000 தொன் கழிவுகளைப் புதைத்து மண்ணிட்டு மூடியது. பெருகிவந்த மாணவர் தொகைக்கு இடந்தேடிய நகரக் கல்விச் சபை 1953இல் அக்காணியை ஒரு டொலருக்குப் பெற்றது. இந்நிலம் இரசாயனக் கழிவுகளால் நிரப்பப்பட்டது என்பதும், அதனால் நேரும் தீங்குக்குக் கம்பனி பொறுப்பன்று என்பதும் காணி உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தன. அத்திவாரம் தோண்டுகையிற் கழிவுப் பீப்பாய்கள் வெளிப்பட்டன. சபை செய்ததெல்லாம் கட்டடத்தைச் சற்று வடக்கே தள்ளியமைத்ததே. 1955இல் பாடசாலை திறக்கப்பட்டது. 1957இல் எஞ்சிய நிலத்தை வீடு கட்டுவோர்க்கு விற்கும் யோசனை எழுந்தபோது, அது தோண்டுதற்கேற்ற நிலமன்று எனக் கம்பனியின் பிரதிநிதியே சபையின்முன் வந்து எடுத்துரைத்தார். எனினும் வீதிகளும் கழிவுநீர்க் குழாய்களும் காலப்போக்கில் அந்நிலத்தை ஊடறுத்தன. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978 ஓகஸ்டில் மாநிலச் சுகாதார ஆணையாளர் அவசரநிலையை அறிவித்தார். பாடசாலை மூடப்பட்டது, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின.

கம்பனி பொய்யுரைக்கவில்லை என்பது இங்கு கருதத்தக்கது. உண்மையை எழுதியே கொடுத்தது. அவ்வாறாயின் அதன் கடமை அத்துடன் தீர்ந்ததா? கேட்பவனைக் காப்பதற்குச் சொல்லப்படும் எச்சரிக்கையும் உண்டு. சொல்பவனைக் காப்பதற்குச் சொல்லப்படுவதும் உண்டு. எவ்விரசாயனம், எத்தகைய கேடு என்பன அவ்வுறுதியில் இல்லை; பொறுப்புத் துறப்பு மாத்திரம் ஐயத்துக்கிடமின்றி இருந்தது. சிறுவர் விளையாடப்போகும் நிலம் என்பதை அறிந்துகொண்டே அதனைக் கையளித்தவன், தாளில் எழுதியதைக் காட்டித் தப்பிக்கொள்ளல் ஒழுக்கவியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று. 1957ஆம் ஆண்டின் எச்சரிக்கை இதனினும் மேலானதே. அதனை மறைத்துக் கம்பனியைப் பழிப்போர் நியாயஞ் செய்வோர் ஆகார். 1994இல் வழக்கை விசாரித்த கூட்டரசு நீதிபதி, கம்பனி கவனக்குறைவாய் நடந்ததேயன்றித் தண்டனை இழப்பீடு விதிக்குமளவுக்குப் பொறுப்பற்றதாய் நடக்கவில்லை எனத் தீர்த்தார்.

கல்விச் சபையின் நிலையோ இதனினும் சங்கடமானது. அறியாமற் செய்த பிழைக்கு இரக்கம் காட்டும் அரிஸ்டோட்டில், அறியாமையே ஒருவனது சொந்தச் செயலாக அமையுமிடத்து அவ்விரக்கத்தை மீளப்பெற்றுக்கொள்கிறார். அறியக்கூடியதாயிருந்தும் அறிய முயலாதவன் தன் அறியாமைக்குத் தானே பொறுப்பாளி என்பது அவர் கருத்து. இரசாயனங்களின் நெடுங்கால விளைவுகள் 1950களில் நன்கு விளங்கியிருக்கவில்லை எனலாம். உண்மையே. ஆயின் நிலத்தினின்றும் பீப்பாய் வெளிப்பட்ட பின்னர் ‘ஆராய்வோம்’ என்பதற்கு நச்சியற் புலமை வேண்டியதில்லை.

பிற்காலச் சட்டம் இக்கருத்தையே தழுவியமை வியப்புக்குரியது. லவ் கால்வாய் எழுப்பிய கொந்தளிப்பின் பின் 1980இல் நிறைவேறிய சட்டம், மாசடைந்த நிலத்தின் உரிமையாளரை, மாசை அவரே ஏற்படுத்தாதவிடத்தும், துப்புரவுக்குப் பொறுப்பாக்கியது. 1986இன் திருத்தம், ‘எனக்குத் தெரியாது’ என வாதிடும் கொள்வனவாளர் வாங்குமுன் தக்க விசாரணை செய்தமையைக் காட்ட வேண்டுமென்றது. அறியாமையையும் உழைத்தே சம்பாதிக்க வேண்டியதாயிற்று! பழைய வரைபடங்களையும் உறுதிகளையும் ஆராய்ந்து, அயலாரை விசாரித்து, ஐயம் எழின் மண்ணையும் நிலத்தடி நீரையும் மண்ணிடை வாயுவையும் சோதிக்கும் இருபடி முறை வழக்கில் ஊன்றியது இதன் பின்னரே.

வள்ளுவர் தெரிந்துசெயல்வகையில் அழிவதையும் ஆவதையும் சூழ்ந்து செயற்படக் கூறுவர். அங்கு சூழ்பவனும் அழிவை ஏற்பவனும் பெரும்பாலும் ஒருவனே. பாடசாலைக் காணியிலோ தீர்மானிப்போர் முதியோர். தீர்மானத்தைச் சுவாசிப்போர் சிறுவர். உடல் நிறைக்கு ஒப்பிடுகையில் அவர்கள் வளர்ந்தோரிலும் கூடுதலாகச் சுவாசிக்கின்றனர். மண் படிந்த கையை வாயில் வைக்கின்றனர். அவர்களது சம்மதம் எவராலும் கேட்கப்படுவதில்லை. பத்து இலட்சத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற அளவை ஏற்கலாமெனின், அதனை ஏற்பவர் யார் என்ற வினாவை எந்த ஆய்வுகூடமும் விடுவிக்காது.

இவ்வளவிற்கொண்டு, ஐயம் சிறிதேனும் உள்ள நிலத்தை ஒதுக்கிவிடுவதே அறமென முடிவுசெய்தல் எளிது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெல்மொன்ட் பாடசாலைத் திட்டம் அதற்குக் குறுக்கே நிற்கின்றது. பழைய எண்ணெய் வயலொன்றின்மேல் 1990களின் பிற்பகுதியிற் கட்டடம் எழுந்துகொண்டிருக்கையில் மீதேன், ஐதரசன் சல்பைட்டு வாயுக்கள் பற்றிய அச்சம் பெரும் விவாதமாகி வேலை நிறுத்தப்பட்டது. பெரும்பாலும் வறிய குடியேறிகள் வாழும் அப்பகுதியில் இருந்த பாடசாலை நிரம்பி வழிந்தது; மாணவர் தொலைவிலுள்ள பாடசாலைகளுக்குப் பேருந்துகளில் அனுப்பப்பட்டனர். வாயுவைத் தடுக்கும் ஏற்பாடுகளுடன் பாடசாலை திறக்கப்பட்டது 2008இல். காணியை வாங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கட்டியபின் கேட்டதனால் ஏற்பட்ட தாமதத்தை, திட்டம் தொடங்கியபோது எட்டு வயதாயிருந்த அப்பகுதிச் சிறுவனொருவன் தன் பள்ளிப் பருவம் முழுவதையும் கொடுத்து ஈடுசெய்தான்.