அந்த ஐந்து நாட்கள் யாருடையவை?

எங்கள் டீமில் டெஸ்டராக இருந்தவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "உங்க வரியில அஞ்சுன்னு இருந்துச்சு. என் வரியிலயும் அஞ்சுன்னுதான் இருந்துச்சு." கோபமாகச் சொல்லவில்லை. காபி மெஷினில் கப் நிறைவதற்குள் சொல்லி முடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அது இன்னும் முடியவில்லை.

என்ன அஞ்சு? அதைச் சொல்ல, ப்ராஜெக்ட் பிளான் என்ற வஸ்துவுக்குள் கொஞ்சம் போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மாதிரியான மென்பொருளில் வேலைகளை வரிவரியாக எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று கொடுப்போம். பிறகு எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கோப்போம்: 7ஆவது வரி முடிந்த பிறகே 8ஆவது வரி தொடங்கும், இப்படி. கோத்துவிட்டால் தேதிகளை நாம் போட வேண்டாம். ஒன்று நகர்ந்தால் அதன் பின்னால் இருப்பதெல்லாம் தானாக நகரும். இந்தக் கணக்கை 1957 வாக்கில் டியூபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ரேண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து உருவாக்கினார்கள். இருப்பதிலேயே நீளமான சங்கிலிதான் 'கிரிட்டிக்கல் பாத்'. அதில் ஒரு நாள் தாமதமானால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்ற சங்கிலிகளில் கொஞ்சம் தொய்வு இருக்கும். அதற்குப் பெயர் ஸ்லாக். கட்டடத் துறைக்காரர்கள் ஃப்ளோட் என்பார்கள்.

எங்கள் பிளானில் நீளமான சங்கிலி 25 நாள். நான் இருந்த சங்கிலியில் மூன்று பேர். ஃபைல் இம்போர்ட் எனக்கு 8 நாள், ரிப்போர்ட் இன்னொருவருக்கு 6 நாள், கடைசியில் டெஸ்டிங் 6 நாள். ஆக 20. மிச்சம் 5. மென்பொருள் என்ன செய்கிறது என்றால், 'டோட்டல் ஸ்லாக்' என்ற பத்தியில் மூன்று வரிக்கும் நேராக 5, 5, 5 என்று காட்டுகிறது. கூட்டினால் 15. இருப்பதென்னவோ 5தான். ஒரே ஐந்நூறு ரூபாய் நோட்டை மூன்று பேர் பர்ஸிலும் காட்டுகிற வித்தை. அது பொய் கிடையாது. மற்ற இருவரும் தாமதிக்காவிட்டால் ஒவ்வொருவருக்கும் 5 நாள் இருப்பது நிஜம்தான். அந்த 'தாமதிக்காவிட்டால்' திரையில் எங்கேயும் எழுதியிருக்காது, அவ்வளவுதான்.

நான் 4 நாள் எடுத்தேன். அதில் 2 நாள் உண்மையிலேயே சிக்கல். கிளையன்ட் அனுப்பிய ஃபைல்கள் சொன்ன வடிவத்தில் இல்லை. மீதி 2 நாள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த கோடை அழகுபடுத்திக்கொண்டிருந்தேன். (இந்த வியாதி எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.) எனக்கு 5 இருக்கிறதே, இன்னும் 1 மிச்சம் வைத்திருக்கிறேனே என்று ஒரு பெருமிதம் வேறு. அடுத்தவர் 2 நாள் கூடுதலாக எடுத்தார். நாலும் ரெண்டும் ஆறு. பிளான் சிவப்பானது.

அப்புறம் மேனேஜர் செய்ததுதான் எனக்குப் பெரிய பாடம். ரிப்போர்ட் முடிந்த பிறகு டெஸ்டிங் என்றிருந்த இணைப்பை, ரிப்போர்ட் வேலை தொடங்கி 3 நாள் ஆனதும் டெஸ்டிங் தொடங்கலாம் என்று மாற்றினார். மென்பொருளில் இதற்கு இடமிருக்கிறது, ரெண்டு கிளிக். சிவப்பு போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட் இன்னும் பாதிதான் முடிந்திருந்தது. டெஸ்டர் பாதித் திரைகளைச் சோதித்து, அவை மாறியதும் மறுபடி முதலிலிருந்து சோதித்து, சனி ஞாயிறும் வந்து முடித்தார். அவர் அம்மாவுக்கு அந்த வாரம் திருச்சியில் கண்புரை ஆபரேஷன். தன் வரியில் 5 என்று பார்த்துவிட்டு 3 நாள் லீவ் சொல்லி வைத்திருந்தாராம். தம்பியை அனுப்பிவிட்டார்.

யார் செய்தது தப்பு? நான் எடுத்த 4 நாளால் மட்டும் ரிலீஸ் தேதி நகரவில்லை. ரிப்போர்ட்காரர் எடுத்த 2 நாளாலும் தனியாக நகர்ந்திருக்காது. டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பர்சன்ஸ்' நூலில் அறக்கணக்கில் நாம் போடும் தப்புகளைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. என் செயலால் தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியக்கூடிய பாதிப்பில்லை, ஆகவே அது தப்பில்லை என்பது அவற்றில் ஒன்று. படித்தபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவன்தான் நான். ஆனால் அவர் காட்டும் உதாரணத்தில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகிறார்கள். யார் முதல், யார் கடைசி என்பதற்கு அங்கே பொருளில்லை. எங்கள் சங்கிலியில் விஷயமே அதுதான்.

கட்டுமான ஒப்பந்தங்களில் ஃப்ளோட் யாருக்குச் சொந்தம் என்பது பழைய தகராறு. கட்டுபவருக்கா, கட்டச் சொன்னவருக்கா? பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதன் 2017 பதிப்பும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை அது திட்டத்துக்கே சொந்தம் என்கிற பக்கம் நிற்கின்றன. கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில் இதற்கு அர்த்தம், முதலில் எடுத்தவனுக்குச் சொந்தம். ரேஷன் கடை வரிசை என்றால் நாளைக்கு நான் சீக்கிரம் எழுந்து முன்னால் நிற்கலாம். டெஸ்டர் எவ்வளவு சீக்கிரம் எழுந்தாலும் மூன்றாவதுதான். அவர் சோம்பேறி என்பதால் அல்ல, அவர் செய்யும் வேலை அப்படி.

காவிரி டெல்டாவில் கடைமடை என்கிற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பது வழக்கம். திறந்த செய்தி எல்லோருக்கும் ஒரே நாளில் வரும், தண்ணீர் அப்படி வராது. மேலே இருப்பவன் கொஞ்சம் அதிகமாகப் பாய்ச்சினால் அவன் வயலில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் முறைவைத்துப் பாய்ச்சுவது என்ற ஏற்பாடே வந்தது. பல ஏரிக் கிராமங்களில் மடையைத் திறந்து பங்கிட்டு விட ஊரே ஓர் ஆளை வைத்திருக்கும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் மென்பொருளில் தண்ணீரை அளக்கும் பத்தி உண்டு, நீர்க்கட்டி இல்லை.

அப்படியே பங்கு போட்டிருந்தால்? வேலையின் நீளத்துக்கு ஏற்றபடி என்றால் எனக்கு 2 நாள், மற்ற இருவருக்கும் ஒன்றரை ஒன்றரை. எனக்கு நிஜமாகத் தேவைப்பட்டதும் 2தான் என்பது உறுத்துகிறது. ஆனால் டெஸ்டருக்கு வேண்டியது 3. நியாயமான பங்கீட்டிலும் அவரால் திருச்சிக்கு நிம்மதியாகப் போயிருக்க முடியாது. இந்த இடத்தில்தான் என் குற்றவுணர்ச்சி நான் நினைத்த இடத்தில் இல்லை என்று தெரிந்தது. 5ஆம் நாளே எனக்குத் தெரியும், இது 8இல் முடியாது என்று. பிளானில் '90 சதவீதம்' என்று போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் வரியில் இருந்த 5 குறைந்திருக்கும். அவர் வந்து என்னிடம் கேட்டிருப்பார், நானும் கோடை அழகுபடுத்துவதை விட்டிருப்பேன். விட்டிருப்பேனா? அப்படித்தான் நினைக்க ஆசைப்படுகிறேன்.

இப்போது பிளான் போடுவது நான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் லேப்டாப்போடு வந்தான். "அண்ணா, எனக்கு 4 நாள் ஸ்லாக் காட்டுது. திங்கக்கிழமை ஆரம்பிச்சா போதும்ல?"

அவன் வரிக்குக் கீழே இருந்த இரண்டு வரிகளைக் காட்டி, "இவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு வா" என்றேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். "ரெண்டு பேரும் ஓகே சொல்லிட்டாங்கண்ணா."

அந்த இரண்டாவது ஆள் கான்ட்ராக்டில் இருப்பவர், டிசம்பரில் அவருக்குப் புதுப்பிக்க வேண்டும். சாயங்காலம் நானே அவர் இடத்துக்குப் போய்க் கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பரவால்ல, பாத்துக்கலாங்க" என்றார்.