உறுதி யார் பெயரில்?



கல்முனைப் பக்கம் முஸ்லிம் வீடொன்றில் பெண் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு முதற் கவலை ஒரு வளவு. அவள் மணமுடிக்கும்போது வீடு அவள் பெயரில் உறுதியாகும். மாப்பிள்ளை அங்கே குடிவருவார். குடியிருந்த வீட்டையே மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவர்களோடு வேறு வீட்டுக்குப் போகும் பெற்றோரும் உண்டு. இது குர்ஆன் விதித்ததன்று. அங்கே மணமகன்தான் மஹர் கொடுக்கவேண்டும். இது மண்ணின் வழக்கம். அயலிலுள்ள இந்துக்களிடமும் உண்டு. மட்டக்களப்பில் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் புதிதன்று.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. திருக்குடும்பத் திருநாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றிய நற்செய்திக்குரிய அந்த நாளிலேயே கடல் வந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பின்னர் புதிய வீடுகள் வந்தன. ஆனால் பல பத்திரங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவன் பெயரே எழுதப்பட்டது. தாய் கொடுத்த வீட்டைக் கடல் கொண்டுபோயிற்று. அவள் பெயரைக் கொண்டுபோனது யார்?

பாரம்பரியம் என்றால் கையளித்தல். தாம் பெற்றதையே கையளித்ததாகப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதுகிறார். யூதாஸ் செய்ததற்கும் கிரேக்கத்தில் அதே வினைச்சொல்தான். குருமடத்தில் இதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை. தமிழிலும் கொடுப்பது உண்டு, காட்டிக்கொடுப்பதும் உண்டு.

எப்படி என்கிறீர்களா? வீடு போதாதென்று காசும் நகையும் கேட்கிறார்கள். தகப்பன் மத்திய கிழக்கில் உழைத்துக் களைக்கிறார். வீடு முடியாதபடியால் மகள் காத்திருக்கிறாள். 'வழக்கம்தானே' என்கிறோம். மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லி ஒதுக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். வழக்கத்தின் பெயரால் மாமனாரைக் கடனாளியாக்கும் மாப்பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கும் நம் பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்படியானால் வீடு கொடுப்பதையே நிறுத்திவிடலாமே என்று படித்த வாலிபர்கள் சிலர் கேட்கிறார்கள். அவசரப்படவேண்டாம். வீடு தன் பெயரில் இருக்கும்வரை, கணவன் கைவிட்டாலும் அவள் தெருவுக்கு வரவேண்டியதில்லை; பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுபவர் அவரே. இந்தப் பாதுகாப்பைச் சட்டப் புத்தகம் பார்த்தா நம் பாட்டிமார் ஏற்படுத்தினார்கள்?

இந்த வாரம் அலுமாரியைத் திறந்து உறுதியை எடுத்துப் பாருங்கள். யார் பெயர் இருக்கிறது? மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் என்ன கேட்டீர்கள் என்பதையும், செபமாலை முடிந்தபின் அவனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.