நமக்குக் கருத்து, அவர்களுக்குக் காரணம்

நீங்கள் இல்லாத இடத்தில் உங்களைப் பற்றி ஒருவர் பரிவோடு பேசுகிறார். ‘பாவம், அவருக்கு ரொம்பக் கஷ்டம். அதனால்தான் அப்படியெல்லாம் பேசுகிறார். தப்பா எடுத்துக்காதீங்க’ என்கிறார். விஷயம் உங்கள் காதுக்கு வந்து சேர்கிறது. சந்தோஷப்படுவீர்களா? மாட்டீர்கள். ‘இதுக்கு என்னைத் திட்டியே இருக்கலாம்’ என்றுதான் தோன்றும். ஏன்?

2008-ல் பராக் ஒபாமா மாட்டிக்கொண்டது இந்த ‘ஏன்’ விஷயத்தில்தான்.

ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஒபாமாவா, ஹிலரி கிளிண்டனா என்று கடும் போட்டி. ஏப்ரல் 22-ம் தேதி பென்சில்வேனியா மாநிலத்தில் உள்கட்சி வாக்கெடுப்பு. அதற்குப் பதினாறு நாள் முன்னால், நாட்டின் மறுகோடியில் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில், தேர்தல் நிதி கொடுக்கும் வசதியான மனிதர்கள் மத்தியில் ஒபாமா பேசினார். பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களில் வேலைகள் போய் 25 வருஷம் ஆகிறது. மாறி மாறி வந்த அரசாங்கங்கள் நல்லது செய்வோம் என்றன, எதுவும் நடக்கவில்லை. அதனால் அந்த ஜனங்கள் மனம் கசந்துபோய் துப்பாக்கியையும் மதத்தையும் வெளியூர்க்காரர்கள் மீதான வெறுப்பையும் பற்றிக்கொண்டு நிற்பதில் ஆச்சரியமில்லை. இதுதான் சாரம். கூட்டத்தில் இருந்த ஒரு பெண், அவரும் ஒபாமா ஆதரவாளர்தான், இதைப் பதிவு செய்து ஐந்து நாள் கழித்து வெளியிட்டார். பற்றிக்கொண்டது நெருப்பு.

ஹிலரிக்குக் கேட்கவா வேண்டும்! ‘மேட்டுக்குடி மனோபாவம்’ என்றார். அதோடு விடவில்லை. இண்டியானாவில் ஒரு பாருக்குப் போய், காமிராக்கள் முன்னால் ஒரு சின்ன கிளாஸ் விஸ்கி குடித்துக் காட்டினார். ‘நான் உங்களில் ஒருத்தி’யாம்!

ஒபாமா சொன்னது முழுப் பொய்யா? இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ என்றதும் நம் நினைவுக்கு வருவது கோல்டன் கேட் பாலம். 1937-ல் திறந்த அந்தப் பாலத்துக்கு எஃகு கொடுத்தது பென்சில்வேனியாவின் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி. பெத்லஹேம் ஊரில் எஃகு உருக்குவது 1995-ல் நின்றது. 2001-ல் கம்பெனி திவால். ஆலை இருந்த இடத்தில் 2009-ல் சூதாட்ட விடுதி வந்தது. இதற்குப் பிறகும் ஒரு மனுஷனுக்குக் கசக்கவில்லை என்றால்தான் அதிசயம்.

அனுதாபமும் நிஜம்தான். ‘அவர்களை வெறுக்காதீர்கள், அவர்கள் நிலைமை அப்படி’ என்றுதானே பணக்காரர்களிடம் வாதாடினார்? பிறகு ஏன் சுட்டது?

காரணம், ‘பற்றிக்கொண்டு’ என்ற அந்த வார்த்தை. வெள்ளத்தில் போகிறவன் கட்டையைப் பிடித்துக்கொள்வது மாதிரி என்று அர்த்தம். ஆலை ஓஹோவென்று ஓடிய காலத்திலும் அந்த ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனார்கள். மான் வேட்டை தொடங்கும் நாளில் பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்ட மாநிலம் அது. தாத்தா வாங்கிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேரன் காட்டுக்குப் போவதற்கும் அவனுக்கு வேலை இல்லாததற்கும் சம்பந்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று கேட்டுக்கொண்டிருந்த நிதி நண்பர்கள் ஏன் ஒபாமாவை ஆதரிக்கிறார்கள் என்று யாரும் ஆராயவில்லை. அவர்களுக்கு இருப்பது கருத்து. யோசித்து வந்த முடிவு. ஆலை மூடிய ஊர்க்காரனுக்கு இருப்பது மட்டும் கருத்தல்ல, ஒரு நோயின் அறிகுறி. கருத்து என்றால் பதில் சொல்ல வேண்டும். அறிகுறிக்கு யாராவது பதில் சொல்வார்களா? மருந்துதான் கொடுப்பார்கள்.

கட்சி பேதமில்லாத வியாதி இது. 2012-ல் குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி, ஃபுளோரிடாவில் நிதி கொடுப்பவர்களிடம் பேசும்போது, நாட்டில் 47 சதவிகிதம் பேர் அரசாங்கத்தை நம்பிப் பிழைப்பவர்கள், தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாக நினைப்பவர்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்படுவது தன் வேலையல்ல என்றார். ரகசியமாக வீடியோ எடுத்தவர், அங்கே மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஊழியர்! அந்த அறையில் அவரும் ஒரு மனிதர் என்பதே யாருக்கும் உறைக்கவில்லை.

விஸ்கி குடித்த ஹிலரி? 2016 செப்டம்பரில் நியூயார்க் நிதிக் கூட்டத்தில், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேரை வெறுக்கத்தக்கவர்கள் என்று ஒரு கூடையில் போட்டார். மீதிப் பாதி கைவிடப்பட்டவர்கள், அவர்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அதே மூச்சில் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த நவம்பரில் பென்சில்வேனியாவைச் சுமார் 44,000 ஓட்டில் கோட்டை விட்டார். அதற்கு அந்தப் பேச்சு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒபாமா அப்படிப் பேசியும் 2008 நவம்பரில் அதே மாநிலம் அவரை ஜெயிக்க வைத்தது. கசப்பில் கண்ணை மூடிக்கொண்டு குத்துகிறவர்கள் என்றால் இது நடக்குமா?

‘அப்படியானால் ஏழை என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்ட வேண்டுமா?’ என்று கேட்பீர்கள். கூடாது. இங்கிலாந்தில் 2010-ல் நடந்ததைப் பாருங்கள். ராச்டேல் என்ற ஊரில், பிரதமர் கார்டன் பிரவுனை ஒரு மூதாட்டி தெருவில் நிறுத்தி, நாட்டின் கடன், படிப்புச் செலவு, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவர்கள் என்று வரிசையாகக் கேட்டார். பிரவுன் சிரித்த முகமாகப் பேசிவிட்டுக் காரில் ஏறினார். சட்டையில் மைக் இருப்பதை மறந்து, உதவியாளரிடம் அந்தம்மாவைத் துவேஷம் பிடித்தவர் என்றார். ஊருக்கே கேட்டது. திரும்ப அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

நடுத்தெருவில் நின்று, ‘அம்மா, குடியேறுபவர்கள் விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்றால்...’ என்று ஆரம்பித்திருந்தால்? சண்டை வந்திருக்கலாம். ஓட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதுதான் மரியாதை. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுகிறவன், எதிராளியைத் தனக்குச் சமமான மூளையுள்ளவராக நினைக்கிறான். எதிரில் சிரித்துவிட்டுக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கம் சொல்கிறவன் அப்படி நினைக்கவில்லை.

தலைவர்களை விடுங்கள். நானே என்ன ஒழுங்கு? எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர் ஒருகாலத்தில் மில் தொழிலாளி. மில் மூடி ரொம்ப வருஷமாகிறது. நெற்றி நிறைய விபூதியோடு இருப்பார். ஒருநாள் நண்பரிடம், ‘பாவம், வேலை போனதிலிருந்து மனுஷன் கோயிலே கதியாகிட்டார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் துணி மூட்டையோடு அவர் நிற்பதைப் பார்க்கவில்லை.

‘மில்லு ஓடினப்பவும் போயிட்டுதான் சார் இருந்தேன். நீங்க கேட்டதில்ல’ என்றார்.

பத்து வருஷமாகச் சட்டை கொடுத்து வாங்குகிறேன். கேட்டதில்லைதான்.